முற்றத்து ஜன்னல்

— ஒக்காரு வைஷ்ணவி. நின்னுக்கிட்டே பொய் சொன்னா கால் வலிக்கும்.

— நான் என்ன பொய் சொன்னேன் அமலா? செருப்பைக்கூட கழட்டலை, அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டே.

— இந்தப் படத்தைப் பாரு. என்ஜினியர் ரகுநந்தன் சார் ஆபீஸ்லேர்ந்து காலைல வந்துச்சு. நாம நாலு குடும்பமும் சேந்து கட்டப் போற வீடு. நடுவுல முற்றம். இது உன் அடுப்பங்கரை, இது தைரியராஜ் வீடு, மாடில பெலிண்டா. இது நாங்க. இந்த ரூம்லதான் எங்க வீட்டுக்காரர் படுக்கப் போறாரு. இதுல என்ன காணோம், சொல்லு.

— அமலா, நான் சொல்றதைக் கொஞ்சம்...

— காணாமப் போனது எதுன்னு மட்டும் சொல்லு. முறுக்குல ஒரு சுத்து கொறஞ்சா அடுத்த ரூம்லேர்ந்தே கண்டுபிடிக்கிறவ நீ.

— ஜன்னல்.

— ஆங், ஜன்னல். முற்றத்தைப் பாத்த ஜன்னல். செவப்பு இங்க்ல அடிச்சு செவுரு எழுப்பியாச்சு.

— மெதுவாப் பேசு. உள்ள சவரி அண்ணா தூங்கறார்.

— மாத்திரை போட்டுப் படுத்திருக்காரு. இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டாரு. பேச்சை மாத்தாத.

— மாத்தலை. இந்தப் பக்கம் கொய்யா மரத்தைப் பாத்து ஜன்னல் வெச்சிருக்காரே, அதைப் பாத்தியோ? கொள்ளிடத்துக் காத்து நன்னா வரும்.

— அவரு கீழ விழுந்தா கொய்யா மரம் வந்து தூக்குமா?

— ரங்கநாதா! நான் அப்படியா சொன்னேன்?

— வேற எப்படிச் சொன்னே? துவாக்குடி பட்டறையில ஏணிலேர்ந்து விழுந்து தலையில அடிபட்ட நாள்லேர்ந்து பத்து வருசமா வலிப்பு. எப்ப வரும்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கடையில ஒரு ரவிக்கைக்கு அளவு எடுக்க நிமிந்தா, வீட்ல என்ன ஆச்சோன்னு நெனப்பு ஓடும். ரெண்டு தடவை அளவு தப்பா வெட்டினேன். உனக்குத் தெரியாதா இதெல்லாம்?

— தெரியாம என்ன. உன் கையைப் பிடிச்சுண்டு நானும் எத்தனை நாள் அழுதிருக்கேன்.

— அப்படி அழுத அன்னிக்குத்தான் இந்த வீடே பொறந்துச்சு. நீதான் சொன்னே, நாம எல்லாரும் ஒரே எடத்துல இருந்தா எந்நேரமும் யாராவது ஒருத்தர் முழிச்சிருப்போமேன்னு. ஞாபகம் இருக்கா?

— இருக்கு.

— உங்க வீட்டுக்காரரு கோயில் மடப்பள்ளியில சமைக்கக் கெளம்ப மூணு மணிக்கு எந்திரிக்கிறாரு, அவரோட நீயும் எந்திரிச்சு அடுப்பு பத்த வைப்பே. எட்டு மணிக்கு பெலிண்டா ஆஸ்பத்திரியில நைட் டூட்டி முடிஞ்சு வருவா. தைரியராஜ் மண்ணச்சநல்லூர் மில்லுக்குப் போறது ரெண்டு மணிக்கு, அதுவரைக்கும் வீட்லதான். மறுபடி ராத்திரி அவன் வந்து சாப்பிட்டுப் படுக்க ஒண்ணாயிடும். ரகு சார் ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு நாள் பூரா ஒக்காந்து, யாரு எப்ப எந்திரிக்கிறா, எப்ப தூங்குறான்னு கலர் பென்சில்ல கோடு கோடா போட்டாரு. அதை வெச்சுத்தான் ரூமெல்லாம் எடம் பிடிச்சுச்சு. யாரு முற்றத்துல நடந்தாலும் அந்த ஜன்னல் வழியா ஒரு பார்வை பாத்துட்டுப் போகணும். அவ்வளவுதான் நான் கேட்டது. காத்தும் கேக்கல, வெளிச்சமும் கேக்கல.

— அமலா, ஒரு வாய் தண்ணி குடி.

— வேணாம். ஞாயித்துக்கிழமை மீன் வாசனை உன் அடுப்பங்கரைக்கு வரக்கூடாதுன்னு, நீ வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடி என் அடுப்பை நானே பின்பக்கம் மாத்திக்கிட்டேன். அன்னிக்கு என்ன பேசிக்கிட்டோம்? எது வேணும்னாலும், எது வேணாம்னாலும், நாலு வீடும் ஒண்ணா ஒக்காந்துதான் சொல்லணும். தனியா யாரும் சாரைப் பாக்கக்கூடாது. மாதா மேல ஆணையா நான் போகல. நீ போனே.

— யார் சொன்னா?

— போகலன்னு சொல்லேன் பாப்போம்.

— யார் சொன்னான்னு கேட்டேன்.

— பெலிண்டா பாத்திருக்கா. செவ்வாக்கிழமை சாயங்காலம் டூட்டிக்குப் போறப்ப பஸ்சுலேர்ந்து பாத்தாளாம், சார் ஆபீஸ் வாசல்ல நீ ஆட்டோவுலேர்ந்து எறங்கினியாம். நாலு பஸ் கூட்டமாப் போனாலும் அஞ்சாவது பஸ்சுக்கு நிக்கிறவ, ஆட்டோ பிடிச்சில்ல போயிருக்க. அவ்வளவு அவசரம்!

— போனேன். வாஸ்தவம்தான்.

— அப்பாடா. இந்த ஒரு வார்த்தைக்கு இவ்வளவு நேரம்.

— ஏன் போனேன்னு கேக்காதே. உன் காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன்.

— எனக்கே தெரியும். உன் பொண்ணு ஹம்ஸா பயப்படுறா. வயசுப் பொண்ணு இருக்குற எடத்துல ஒருத்தர் வாயில நொர தள்ளிக் கெடந்தா நல்லாவா இருக்கும்? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வருவாங்க, முற்றத்துல ஒக்காருவாங்க.

— என் கொழந்தையை இதுல இழுக்காதே. அவளுக்கு சவரி மாமான்னா உசிரு.

— அப்ப நீதான். மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே வைஷ்ணவி! எனக்கு அருவருப்பா இருக்கு அமலா, அந்த ஜன்னலை அடைச்சிருன்னு. ரெண்டு நாள் அழுதிருப்பேன், அப்புறம் சரின்னிருப்பேன். பதினாலு வருசமா பழகிட்டு...

— திட்டு. நன்னாத் திட்டு. உன் மனசு ஆறட்டும். ஜன்னல் மட்டும் அப்படியே இருக்கட்டும்.

— பாத்தியா? இன்னும் ஜன்னல்லயே நிக்கிற! நான் ஒண்ணுமே மறைக்கலயேடி உங்க யார்கிட்டயும். டாக்டர் கேட்டாருன்னு போன்ல வீடியோ எடுத்தேன், அதையே உங்க எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன். இப்படித்தான் இழுக்கும், பயப்படாதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, தலைக்குத் தலகாணி குடுங்கன்னு சொல்லிக் குடுத்தேன். நீயும் பாத்தே. பாதியில எந்திரிச்சுப் போயிட்டே. அன்னிக்கே நான் புரிஞ்சிருக்கணும்.

— எந்திரிச்சுப் போனது அருவருப்புல இல்லை.

— வேற எதுல?

— விடு.

— விட மாட்டேன். இரு, செவ்வாக்கிழமைன்னுதானே சொன்னா பெலிண்டா?

— அமலா, நான் கெளம்பறேன். பாகு அடுப்புல இருக்கு.

— பாகு அடுப்புல இருக்குறப்ப நீ வீட்டை விட்டு எறங்க மாட்டே. ஒக்காரு. செவ்வாக்கிழமை சாயங்காலம் நான் அந்தோணியார் கோயிலுக்கு நவநாள் ஜெபத்துக்குப் போவேன். அந்த ரெண்டு மணி நேரமும் அவருகூட யாரு இருக்கா? நீ. உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். அந்த நேரத்துல ஆபீசுக்குப் போயிருக்க. ஏசுவே... அவரைத் தனியா விட்டுட்டா போனே?

— தனியா விடலை.

— பொய்.

— பெருமாள் சத்தியமா தனியா விடலை அமலா.

— அப்ப யாரு இருந்தா? தைரியராஜ் மில்லுல. பெலிண்டா பஸ்சுல. யாரு இருந்தா அவருகூட? ஏன் உள்ள பாக்குற?

— அண்ணா, நீங்க எழுந்துக்க வேண்டாம். படுத்துக்கோங்கோ. நான் பாத்துக்கறேன்.

— படுத்தது போதும்மா. அமலா, அந்தப் புள்ளைய விடு. அன்னிக்கு அது எங்கூடத்தான் இருந்துச்சு. ஆட்டோவுல.

— ஏங்க, செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. ஆட்டோவுலன்னா?

— என்னை பஸ்சுல ஏத்தப் பயம் அதுக்கு. அதான் ஆட்டோ. சார்கிட்ட ஒரு தடவை கூட்டிட்டுப் போன்னு நான்தான் கேட்டேன். உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியமும் வாங்கினேன். நீ இவ்வளவு பேசியும் அது வாயைத் தொறக்கல பாரு.

— எதுக்குங்க? என்கிட்ட சொன்னா நான் கூட்டிட்டுப் போக மாட்டனா?

— ஜன்னலை அடைக்கச் சொல்லத்தான். உங்கிட்ட சொன்னா விடுவியா?

— நீங்களா... உங்களுக்காகத்தானேங்க அந்த ஜன்னல்? உங்க உசிருக்குத்தானே?

— தெரியும். நீ இல்லன்னா நான் எப்பவோ போய்ச் சேந்திருப்பேன். அதுல சந்தேகம் இல்ல. ஆனா அந்த சார் இருக்காரே, எல்லார்கிட்டயும் கேட்டாரு. எப்ப எந்திரிப்பீங்க, எப்ப தூங்குவீங்க, உங்களுக்கு என்ன வேணும். எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. நான் இதே ரூம்லதான் ஒக்காந்திருந்தேன். உங்கிட்டதான் கேட்டாரு. அவரு போட்ட கோட்டுல என் பேருக்கு நேரா என்ன எழுதியிருக்குன்னு பாத்தியா?

— பாக்கலங்க.

— ஆபீஸ்ல பாத்தேன். எல்லாருக்கும் தொழில் போட்டிருக்கு. நர்சு, தையல், மில்லு, சமையல். எனக்கு நேரா, எப்பவும் ஆள் பார்வை தேவைன்னு. பதினெட்டு வருசம் வெல்டிங் புடிச்சவன். அதைக்கூட யாரும் சொல்லல.

— சொல்லி மாத்திடலாங்க அதை. சொல்லி மாத்திடலாம்.

— போன மாசம் மனையைப் பாக்க எல்லாரும் போனமே. செருப்பு மாட்ட நான் குனிஞ்சேன். தைரியராஜ் பொண்ணு, ஏழு வயசு இருக்குமா, ஓடி வந்து என் தலைக்குக் கீழ தன் ஸ்கூல் பையை நீட்டுது. ஒண்ணும் ஆகலடா கண்ணுன்னேன். இல்ல மாமா, வீடியோவுல பாத்தேன்னுச்சு.

— அந்தப் புள்ளைக்கு நான் காட்டலங்க. பெரியவங்களுக்குத்தான்...

— அன்னிக்கு வரைக்கும் அப்படி ஒரு வீடியோ இருக்குன்னே எனக்குத் தெரியாது. நீ போனை மறந்துட்டுக் கடைக்குப் போன அன்னிக்கு எடுத்துப் பாத்தேன்.

— டாக்டர் கேட்டாருங்க. மாதா சத்தியமா டாக்டருக்குத்தான் எடுத்தேன்.

— தெரியும். எடுத்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லல.

— அப்புறம் எதுக்குங்க எங்கிட்ட மறைச்சு... என்னை எல்லாரும் சேந்து ஏமாத்திட்டீங்களே.

— வைஷ்ணவி தங்கச்சி பாதியில எந்திரிச்சுப் போனது எதுக்குன்னு இன்னுமா புரியல? அந்த வீடியோவுல என் லுங்கி எங்க கெடந்துச்சுன்னு பாரு அமலா. ரெண்டு நிமிசம் போனைப் பிடிச்சிருந்த கை, ஒரு தடவை அதை இழுத்து மூடல.