காய்ஞ்சுபோன பச்சை

...தோலு. தொட்டுப் பாருங்கண்ணே. பால் ஆறினா ஆடை கட்டுமே, அந்த மாதிரி. நேத்து சாயங்காலம் கலக்கினப்ப தேனாட்டம் இருந்துச்சு இந்தப் பச்சை. இப்ப குத்தினா பிரஷ்தான் ஒடியும். அக்ரிலிக் பெயிண்டுக்கு அப்படி என்ன அவசரமோ.

எல்லாம் கட்டவிரல் உசரச் சிப்பாய்ப் பொம்மைங்க. பாதிப் பட்டாளத்துக்குக் கோட்டு தீட்டியாச்சு. மீதி, சட்டையில்லாம நிக்குது. அதே பச்சைய மறுபடி கலக்க முடியுமா? கொஞ்சம் நீலம், கொஞ்சம் மஞ்சள், அப்புறம் ஏதோ ஒரு பழுப்பு... எவன் பார்த்தான். மத்தியானம் போட்டி நடுவர் வருவாரு. நெறம் மாறினா, இது ரெண்டு நாட்டுப் படைன்னு தள்ளிட்டுப் போயிடுவாரு. ஜெயிச்சவனுக்குத்தான் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குப் பொம்மை தீட்டுற வேலை. பள்ளிக்கூடத்த விட்ட அன்னிக்கு, பிரஷ்ஷ வெச்சே பொழைச்சுக்குவேன்னு அப்பாகிட்ட வாய விட்டிருக்கேன்.

மோரீன் பேச்ச நம்பினேன் பாருங்க. அதோ, டீ ஊத்துறாங்களே, எங்க கிளப்ல அவங்க வெச்சதுதான் சட்டம். "சாப்பாட்டு டப்பா ஒண்ணு எடு. அடியில நனைச்ச ஸ்பாஞ்சு, அதுமேல கேக் சுடுற காகிதம், காகிதத்துமேல பெயிண்ட். கீழருந்து ஈரம் ஏறிட்டே இருக்கும். ஒரு வாரம் ஆனாலும் காயாது வாத்துக்குட்டி"ன்னாங்க. ஏன் முழிக்கிறீங்க? ஓ, நீங்க லண்டன். நாட்டிங்ஹாம்ல செல்லமாக் கூப்பிட்டா எல்லாருமே வாத்துதான். பாதிரியாரும் வாத்து, போலீசும் வாத்து.

ஒரு வாரமாம். ஒரு ராத்திரி தாங்கல. ஸ்பாஞ்சு மட்டமோ என்னமோ. காகிதம் எங்கம்மா வாங்கினது, மலிவு சரக்கு. ஹீட்டர் வேற அது பாட்டுக்கு அனல் கக்குது. காயாம இருக்க ஒரு திரவம் விக்கிறானே, அதையும் ரெண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன். தண்டம்.

உங்க பச்சையில கொஞ்சம்... இல்ல, சும்மா கேட்டேன். சாஸேஜ் ரோல் எடுத்துக்குங்க. சூடா இருக்கு.

எது, இந்த நீலத் தட்டா? தட்டு இல்லண்ணே. அந்த டப்பாவோடதுதான். நேத்து பீன்ஸ் டோஸ்ட் வெச்சுத் திங்க ஒண்ணும் அகப்படல, தட்டெல்லாம் கழுவாம கெடந்துச்சு. இது விளிம்போட அம்சமா இருந்துச்சா, அப்படியே...

எங்கண்ணே கெளம்பிட்டீங்க?

மோரீன் சொன்னாங்கதான். வாசல் வரைக்கும் பின்னாடியே வந்து சொன்னாங்க. "வேற எத மறந்தாலும் மறந்துக்கோ. மூடிய மட்டும் போட்டு வைடா."