உரிமையாளர் காலமானதால் அவசர விற்பனை

“ஹலோ... ஹலோ, யாரு?... நைனாவா?... ஆங், நான்தான் தினகரன். சொல்லு நைனா... இப்பதான் ஷிஃப்ட் முட்ச்சி வெளிய வந்தேன். போன எடுத்துப் பாத்தா நாப்பத்தியோரு மிஸ்டு கால் கீது. இன்னா ஆச்சி?... இன்னாது?... யாரு செத்துட்டது?... சத்தமா சொல்லு நைனா, இங்க ஒரே இரைச்சலு... ஆமா... ஆமா... யாருன்ற?... நீயா?”

தினகரனுக்குக் கால் அங்கேயே நின்றுவிட்டது. ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை. விடிகாலையில் உள்ளே போகும்போதே போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். மதியம் இரண்டு மணிக்குத்தான் திரும்பக் கைக்கு வரும். சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் லாக்கருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். அந்தப் பக்கம் பேசுகிறவர் அவனைப் பெற்ற அப்பா பச்சமுத்து. மானாம்பதியில் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, தான் செத்துப்போன செய்தியைத் தன் வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஒண்ணும் புரில நைனா... யாரு வந்துகீறாங்க?... பெருமாள் மாமாவா? திருமுக்கூடல்லேர்ந்தா?... மாலையோடவா?... எத்தினி பேரு?... இருவது பேரா!... சாமியானா யாரு போட்டது?... அய்யய்யோ... எந்த வெளம்பரம்?”

எந்த விளம்பரம் என்று கேட்கிறான் பாருங்கள், ஒன்றுமே தெரியாதவன் மாதிரி! முந்தின நாள் கேன்டீனில், கூட வேலை செய்யும் ஜானோடு உட்கார்ந்து, டீ ஆறுகிறவரை வார்த்தை வார்த்தையாக யோசித்து எழுதியவனே இவன்தான். வீட்டிலிருக்கும் பிக்கப் வண்டியை விற்க வேண்டும். வண்டிக்கு வயது பதினேழு. அப்பாவோ விற்க மாட்டேன் என்கிறார். அவருக்குத் தெரியாமல் போனில் போட்டோ போட்டு, ஆள் பிடித்து, பேச்சை முடித்துவிட்டு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். அப்போது ஜான் ஒரு யோசனை சொன்னான். உயிரோடு இருக்கிறவன் விற்றால் வண்டியில் என்னமோ கோளாறு என்று சந்தேகப்படுவார்களாம். ஓட்டினவன் செத்துப்போய் வண்டி சும்மா நிற்கிறது என்றால் சந்தேகமே வராதாம். அதைக் கேட்டு இந்த மகராசன் எழுதிவிட்டான், உரிமையாளர் காலமானதால் அவசர விற்பனை என்று. சொன்னவனுக்கு மதி இல்லை என்றால் கேட்டவனுக்கு எங்கே போயிற்று?

“நைனா, அத்த... அது சும்மா எய்தினது நைனா. அப்டி எய்தினா ஜல்தியா போவும்னு ஒருத்தன் சொன்னான்... ஆமா... ஆமா, நான்தான் எய்தினேன்... ஊருக்கு வரும்னு நெனைக்கல நைனா, அது எங்கியோ மெட்ராஸ்ல பாக்கறவங்களுக்குன்னு... யாரு, உத்திரமேரூர் புரோக்கரா? அவனுக்கு எப்டி நம்ம வண்டின்னு... ஆங், கண்ணாடி மேல அம்மா பேரு எய்திகீதே... அவன் மாமாவுக்குப் போன் பண்ணானா?... மாமா ஒனக்குப் பண்ணாரா?... ஒன் போனுல சார்ஜ் இல்லியா... எனக்குந்தான் பண்ணிகீறாரு, தோ கீதே, பதினாலு தபா... நான் இன்னா பண்ணட்டும் நைனா, உள்ள போன் எட்த்துனு போ வுட மாட்டான்!”

பெருமாளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் தினகரனின் அம்மா செல்லாயியின் அண்ணன். மச்சான் போய்விட்டாராமே என்று ஒருத்தன் கேட்கிறான். மச்சானுக்கு அடித்தால் போன் எடுக்கவில்லை, மருமகனுக்கு அடித்தால் அவனும் எடுக்கவில்லை. மனுஷன் வேறென்ன நினைப்பார்? உறவுக்கெல்லாம் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். மானம் கப்பலேறும் என்பார்கள். தினகரனின் மானம் பத்து மணிக்குள் நாலு ஊர் வாட்சப்பில் ஏறிவிட்டது.

“அம்மாவா?... இப்ப வேணாம், இரு நைனா, நான் அப்புறமா... மா... மா, நான் சொல்றத கேளு... அயுவாத மா... ஆமா, தப்புதான்... ஆமா மா, தப்புதான்...”

செல்லாயி போனில் பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். இன்றைக்கு அழுகைக்கு நடுவில் ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது. கத்தித் தீர்த்திருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“மாமா எத்தினி மணிக்கு வந்தாரு?... பத்தரைக்கா... நைனா வந்தது?... பன்னெண்டரையா... அப்ப ரெண்டு மணி நேரமா மா? ரெண்டு மணி நேரமும் நீ நம்பிகினு ஒக்காந்திருந்தியா?... ம்... ம்... மாமா கையில இன்னா?... கோடியா?... மா... ஒன் மடியிலயா வச்சாரு?”

கோடி என்றால் புருஷனைப் பறிகொடுத்தவளுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போடுகிற புடவை. உத்திரமேரூரில் இறங்கி, கடையில் நின்று எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார் பெருமாள். கூடப்பிறந்தவர், முறையை விட மாட்டார். இவன் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே எழுதிய ஒரு வரி, அங்கே அம்மா மடியில் புடவையாகப் போய் விழுந்திருக்கிறது. தினகரனுக்குக் காதும் கழுத்தும் வெட்கத்தில் எரிந்தன. சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

“என்னிய செருப்பால அடி மா... நான்லாம் இருந்து... சரி, சொல்லல... சரி மா, அப்டி சொல்லல... அந்தப் பொடவைய இன்னா பண்ண?... கடைக்காரன் எட்த்துக்க மாட்டானா... ஆமா, கோடிய எவன் திருப்பி எடுப்பான்... மாமா இன்னா பண்றாரு?... அயுதுகினு கீறாரா? இன்னும் இன்னாத்துக்கு அயுவறாரு?... ஓ... சந்தோசத்துல... சரி மா. நைனாட்ட குடு.”

போன் கை மாறியது. யாரோ குழந்தையை அதட்டினார்கள். எவர்சில்வர் டம்ளர்கள் சத்தம் கேட்டது. துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காபி கொடுக்கிறார்கள் போலிருக்கிறது.

“நைனா... ஒண்ணு கேக்கறேன். நீ வந்தப்ப இன்னா நெனைச்ச?... வைக்கோலு எறக்கிட்டு வந்தியா... ம்... கும்பல பாத்தியா... மாலைய பாத்தியா... ம்... யாருக்குன்னு கேக்கக்கூட வாய் வரலியா... நானா?... என்னியவா நெனைச்ச?”

அவருக்கு வேறு யாரை நினைக்கத் தோன்றும்? தினமும் லாரி போகிற ரோட்டில் இரண்டு சக்கரத்தில் போய் வருகிற ஒரே பிள்ளை. வண்டியை அணைக்கக்கூட இல்லை, அப்படியே விட்டுவிட்டுக் குதித்து ஓடிவந்திருக்கிறார். ஓடிவந்த பிணத்தைப் பார்த்துப் பெருமாள் மாலையைக் கீழே போட்டுவிட்டுப் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டாராம். வேறொரு நாளாக இருந்தால் தினகரன் விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

“மன்னிச்சிடு நைனா... இல்ல, இல்ல நைனா, ஒனக்காகத்தான் நான் விக்கலாம்னு... ஒனக்கும் வயசாவுதில்ல? மாசத்துல பத்து நாளு ஒர்க்‌ஷாப்புல கீது. மூணாவது கியரு வுயறதில்ல. டீசலோட ஆயிலும் சேத்துக் குடிக்குது. கால் வைக்கிற எடத்துல தகரம் போயி ரோடு தெரிது. ஒரு பக்கம் கதவ கவுறு போட்டு கட்டிகினு ஓட்ற. ஆர்டிஓ ஆபீஸ்ல எஃப்சிக்குப் போனா அவன் சிரிப்பான் நைனா... ஆமா... ஓடுது, ஓடலன்னு நான் சொன்னனா?... புது வண்டின்னா சென்சாரா... ஆமா, லேப்டாப் வச்சாதான் தெரியும்... இதுக்கு ஸ்பேனரு போதும், ஒத்துக்கறேன்... நடு ரோட்ல நின்னா நீயே எறங்கி சரி பண்ணுவ, அதுவும் ஒத்துக்கறேன். ஆனா நடு ரோட்ல நிக்குதே நைனா! மாகறலாண்ட நின்னுச்சே, ஒத்த ஆளா தள்ளிட்டு ஒரு வாரம் இடுப்ப புட்ச்சிகினு படுத்தியே!... ஒரு தபாதானா?... சரி, ஒரு தபாதான்.”

இந்தச் சண்டை வீட்டில் நூறு தடவை நடந்ததுதான். இதில் வேதனை என்னவென்றால் இருவர் சொல்வதும் நிஜம். அந்த வண்டி இனிமேல் தேறாது. அந்தத் தேறாத வண்டிதான் பதினேழு வருஷமாக அந்த வீட்டில் உலை ஏற்றியது, இவனை ஐடிஐ படிக்க வைத்தது. ஆனால் பச்சமுத்து இன்றைக்குப் பழைய பாட்டைப் பாடவில்லை, புதிதாக ஒன்று கேட்டார்.

“வெக்கமா?... வண்டி மேல எனக்கின்னா நைனா வெக்கம்? சீச்சீ... யாரு சொன்னது?... கம்பெனி கேட்டாண்டயா?... அன்னிக்கி அவசரத்துல... அது வந்து...”

போன மாதம் பைக் பஞ்சர். அந்தப் பக்கம் லோடு இறக்கப் போன பச்சமுத்து மகனையும் ஏற்றிக்கொண்டு வந்தார். கேட்டுக்கு இன்னும் அரைக் கிலோமீட்டர் இருக்கும்போதே, இங்கேயே போதும் என்று சொல்லி, கயிறு கட்டிய கதவைத் தானே அவிழ்த்துக்கொண்டு தினகரன் இறங்கிவிட்டான். மனுஷர் கவனித்திருக்க மாட்டார் என்று நினைத்திருந்தான். கவனித்து, ஒரு மாதமாக உள்ளுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார். இனிமேல் என்ன பொய் சொல்லி என்ன?

“ஆமா நைனா... வெக்கமாதான் இருந்துது... ஆமா... பசங்க பாப்பானுங்கன்னு... ஆமா.”

ஜான் இரண்டு டீயோடு வந்து, யார் என்று கண்ணால் கேட்டான். தினகரன் போ என்று கையைக் காட்டினான். அவன் போகவில்லை.

“நைனா, கீறியா?... வந்தவங்க எல்லாம் எப்டி போவாங்க?... பஸ்ஸு நாலரைக்குத்தானா... நம்ம வண்டிலயா? ஒன் சாவுக்கு வந்தவங்கள நீயே ஏத்திகினு போய் வுடப் போறியா?... செல்ஃப் எடுக்குமா?... ஆமா, தள்ளத்தான் இருவது பேரு கீறாங்களே... இன்னாது?... யாரு படிக்கிறது?... எதுத்த வூட்டு பிருந்தாவா?... எல்லார் எதுர்லயுமா வெளம்பரத்த படிக்குது?... வாணான்னு சொல்லு நைனா... அதுவும் படிச்சிட்ச்சா?... அத்த வுடு... கம்மியா போட்டாதான் ஆளு வரும்னு... ஒரு லட்சத்து இருவதாயிரம் கிலோமீட்டர்னு போட்டேன்... தெரியும் நைனா... தெரியும், நாலு லட்சத்துக்கு மேல... மீட்டர திருப்பி வைக்க ஒரு ஆளு கீறான்னு சொன்னாங்க... ம்... மீதியா?... மீதி எங்கன்னா நான் இன்னா சொல்றது நைனா?”

செத்துப்போனதாக எழுதியதற்குக்கூட அவர் குரல் இப்படி உடையவில்லை. முப்பத்தைந்து வயதுவரை பச்சமுத்து அடுத்தவர் வண்டியில் மூட்டை ஏற்றி, அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்து போனவர். ஒருத்தரும் அவரை ஸ்டியரிங் தொட விட்டதில்லை. அந்தக் காலனியில் முதல் வண்டி வாங்கினவர் அவர்தான். வெயிலிலும் மழையிலும் அவர் உட்கார்ந்து ஓட்டிய மூன்று லட்சம் கிலோமீட்டரைப் பெற்ற பிள்ளை ஒரு விரலால் அழித்துவிட்டான். இது தினகரனுக்கு இப்போதுதான் உறைத்தது.

“நீ ஓட்டினதுதான் நைனா... பூரா நீ ஓட்டினதுதான், யாரு இல்லன்னது?... நானே சொல்லணுமா, இப்பவா?... எல்லாரும் கேக்கறாப்லயா?... ஸ்பீக்கர் போட்டுட்டியா?... வேணாம் நைனா, சாயங்காலம் நேர்ல வந்து மாமா கால்ல வுயறேன்... இங்க ஆளுங்க கீறாங்க நைனா... சரி... சரி. சொல்றேன்.”

இரண்டாம் ஷிஃப்டுக்கு வந்தவர்கள் லாக்கர் முன்னால் நெருக்கியடித்து நின்றார்கள். மெதுவாகப் பேசினால் மானாம்பதியில் கேட்காது. சத்தமாகப் பேசினால் இங்கே இத்தனை பேருக்கும் கேட்கும்.

“எல்லாருக்கும்... நான் தினகரன் பேசறேன். எங்க நைனா சாவல. நான்தான் பொய் எய்தினேன்... மாமா, நீங்க தப்பா எட்த்துக்காதீங்க, நீங்க முறையாதான் செஞ்சீங்க... அப்புறம், வண்டி... வண்டி ஒரு லட்சம் இல்ல. நாலு லட்சத்து பன்னெண்டாயிரம் ஓடிகீது... ஆங்?... கேக்கலியா?”

குரலை உயர்த்தினான். லாக்கர் அறையில் பேச்சு நின்றது.

“நாலு லட்சத்து பன்னெண்டாயிரம் கிலோமீட்டர்! பூரா எங்க நைனா ஓட்டினது! ஒரு கிலோமீட்டர் கூட வேற எவனும் ஓட்டல!... நைனா?... கேட்டுதா நைனா?”

அந்தப் பக்கம் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். அது அப்பாவா மாமாவா என்று அவனுக்குத் தெரியவில்லை. அதற்குள் லைன் கட்டாகிவிட்டது.