உங்கட ஆளா என்று கேட்டார்கள்

ஒலிபெருக்கி இல்லாமலே என் குரல் கோயிலின் கடைசி வாங்கில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கும், சுவாமி. நீங்கள் கல்முனைக்குப் புதிது. ஆதம்பாவா மரைக்கார் என்னைக் கண்டால் ஏன் தெருவின் மறுபக்கம் போகிறார் என்று கேட்டீர்கள். இது பாவசங்கீர்த்தனம் இல்லை, கேட்டதற்கு விளக்கம். விளக்குவதுதானே உபதேசியாரின் வேலை.

உங்களுக்கு முன்னிருந்த சுவாமிமார் மாதத்தில் ஒரு தடவைதான் வருவார்கள். மற்ற ஞாயிறுகளில் நான்தான் செபம் சொல்லுவேன். தவக்காலத்தில் ஆண்டவருடைய பாடுகளை விளக்குவேன். எனக்குப் பிடித்தது தலைமைக் குரு கயபாவின் பகுதி. உரோமர் சனத்தையே அழிப்பதைவிட ஒருவன் சாவது நல்லது என்றார், ஆனால் ஆணியைத் தொடவில்லை. யூதாஸ் ஆளைக் காட்டினான், கயபா கையளித்தார், பிலாத்து கை கழுவினான். வயலுக்குத் தண்ணீர் விடுவதை வைத்து இதைச் சொல்லிக் கொடுப்பேன். மடைப் பலகையைத் தூக்குகிறவன் வயலை நனைப்பதில்லை. அவனவன் தன் பலகையைத் தூக்கினால் போதும், மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும்.

அழகரெத்தினம் முன்வாங்கில் இருந்து இதையெல்லாம் கேட்டவன். மருதமுனையில் மரைக்காருடைய கைத்தறிகள் பழுதானால் அவன்தான் போய்த் திருத்துவான். மெல்லிய குரல். ஒருநாள் எழும்பிக் கேட்டான்.

"உபதேசியார், கயபா உரோமருக்குப் பயந்துதான் செய்தார் எண்டுறீங்க. சனம் தன்னை விட்டுட்டு ஆண்டவருக்குப் பின்னால போகுதெண்ட எரிச்சல் இல்லையா?"

"அப்பிடிக் கேளு மகன்!" என்றாள் பின்னாலிருந்த ஒரு கிழவி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு அவன் கடற்கரையில் செபக்கூட்டம் வைக்கத் தொடங்கினான். எப்படி நடக்கிறது என்று அறிய ஒருமுறை போய்ப் பார்த்தேன். அவன் குரல் அலைச் சத்தத்தில் எடுபடாது. அதனால் சனம் நெருங்கி, தோளோடு தோள் இடிபட இருந்து கேட்டது. கோயிலில் வாங்குகள் வெறுமையாகின. ஆட்கள் குறைந்தால் எதிரொலி கூடும், சுவாமி. அது கட்டடத்தின் இயல்பு.

எண்பத்தாறில் படையினரின் சுற்றிவளைப்புகள் நடந்தன. ஆண்களைச் சந்தைத் திடலில் வெயிலில் இருத்துவார்கள். திடல் வாசலில் ஒரு பக்கம் பள்ளிவாசல் சார்பில் மரைக்கார் நிற்பார், மறுபக்கம் கோயில் சார்பில் நான். ஒவ்வொருவராக எங்கள் முன்னால் நிறுத்தி, "உங்கட ஆளா?" என்று கேட்பார்கள். ஓம் என்றால் வீட்டுக்கு, இல்லையென்றால் லொறிக்கு. லொறியில் போனவர்கள் திரும்பியதில்லை. அது எனக்குத் தெரியும். ஆகவே எல்லோருக்கும் ஓம் சொன்னேன். கோயில் வாசலை மிதிக்காத குடிகாரனுக்கும், பேர் தெரியாத ஒரு மீன்காரனுக்கும் சொன்னேன்.

அடுத்து அழகரெத்தினம் வந்து நின்றான்.

"உங்கட ஆளா?"

"இவர் எங்கட கோயிலுக்கு வாறதில்லை" என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

மரைக்கார் என் கையைப் பிடித்து இழுத்தார். "என்ன உபதேசியார், வெயில் தலைக்கேறிட்டா? நம்மட அழகரெத்தினம்! நீங்க சொல்லாட்டி நான் சொல்றன், என்ட தறியில வேலை செய்யிற பொடியன் எண்டு."

"திருத்த வந்து போறவன் எப்பிடி உங்கட வேலைக்காரன் ஆவான், மரைக்கார்? பொய்யெண்டு பிடிபட்டா உள்ளுக்கு இருக்கிற உங்கட பொடியன்மார் எல்லாரும் மாட்டுவாங்க. ஒருத்தனுக்காக எல்லாரையும் குடுக்கப் போறீங்களா?"

அவருடைய இரண்டு மகன்மாரும் திடலில் இருந்தார்கள். வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். அப்படித்தான் மூடுவார் என்று எனக்குத் தெரியும்.

அழகரெத்தினம் என்னைப் பார்த்து ஏதோ சொன்னான். கேட்பதற்கு நான் குனிய வேண்டியிருந்தது.

"அம்மாவைப் பாத்துக்கொள்ளுங்க, உபதேசியார்."

பார்த்துக்கொண்டேன். அரிசி அனுப்பினேன். அவன் திரும்பி வரவில்லை. கடற்கரைக் கூட்டம் தானாகவே நின்றுபோனது. மரைக்கார் திடல் வாசலில் நடந்ததை இன்னும் மனதில் வைத்திருக்கிறார். ஆனால் அவரும் அன்று வாய் திறக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் திறந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். நான் திறந்திருந்தாலும் பிழைத்திருப்பான். லொறி என்னுடையதில்லை. நான் தூக்கியது ஒரு பலகை மட்டும்.

எனக்கு அவன்மேல் எரிச்சல் இருந்ததா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்லுவேன். அடுத்த பெரிய வெள்ளிக்குக் கோயிலில் நிற்க இடமில்லை. அவனுடைய தாய் முன்வாங்கில் இருந்தாள். கயபாவின் பகுதியை விளக்கினேன். என் குரல் வாசல்வரைக்கும் தெளிவாகக் கேட்டது, சுவாமி. ஒருவரும் நெருங்கி வர வேண்டியிருக்கவில்லை.