அண்ணன் சன்னல்

அது ரொம்பப் பழைய காலம். தாமிரபரணி ஆத்தங்கரையில புதுக்கால்னு ஒரு ஊரு. இந்த ஊருதான். அப்ப இங்கன இந்த வேதக்கோயில் கிடையாது. ஊரைச் சுத்தி வெத்தலைத் தோட்டம், கொடிக்கான்னு சொல்லுவோம். அந்த ஊருல அண்ணன் தம்பி ரெண்டு பேரு இருந்தாக. மூத்தவரு சிவனணஞ்சான். இளையவரு தவசி. தவசிதான் எங்க பூட்டன். நீங்க எங்க ஊருக்குச் சம்பந்தம் பண்ண வந்திருக்கிய. கோயில்ல எழும்பி ஏசு தனக்குச் செய்ததச் சாட்சியாச் சொல்லுதவுக ஏன் சபையைப் பாக்காம சன்னலைப் பாத்து நிக்காகன்னு கேட்டிய. அந்தக் கதைதான் இது.

தாயும் தகப்பனும் ஒரே வருசத்துல போயிட்டாக. தம்பியத் தோள்ல தூக்கி வளத்தது அண்ணந்தான். சோறு பொங்கிப் போட்டதும் அவருதான், கொடிக்கா வேலை பழக்கினதும் அவருதான். ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிடுவாகளாம்.

அப்படி இருக்கையில ஊருல பேதி வந்துது. தவசி கொடிக்கா பக்கத்துலயே விழுந்துட்டாரு. அண்ணன் வெத்தலைக் கட்டோட சந்தைக்குப் போயிருந்தாரு. ஊர்க்காரன் எவனும் கிட்ட வரல. ஏசு வேதத்தச் சொல்லிக்குடுக்க பக்கத்து ஊரு உபதேசியார் ஒருத்தரு அந்த வழியா வந்தாரு. தவசியத் தூக்கிட்டுப் போயி, தன் வீட்டுல கிடத்தி, கஞ்சித்தண்ணி ஊட்டி, பக்கத்துல முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுனாராம். கண்ணு முழிச்சதும் தவசி கேட்டாராம், "நான் யாரு ஒமக்கு?" அவரு சொன்னாராம், "எனக்கு நீ யாரோதான். ஆனா ஒருத்தருக்கு நீ யாரோ இல்ல." அந்தச் சொல்லு தவசியப் பிடிச்சுக்கிட்டுது.

பிழைச்சு வீட்டுக்கு வந்தாரு. "அண்ணே, நான் வேதத்துல சேரப்போறேன்"ன்னாரு. சிவனணஞ்சான் கையில மம்பட்டி இருந்துது. அதோட மரப்பிடியால முதுகுல ஒரு அடி போட்டாரு. ஒரே அடி. தம்பி விழுந்தாரு.

இப்ப நான் சொல்லுததக் கவனமாக் கேட்டுக்கிடுங்க. அன்னைக்கே நல்லெண்ணெயைக் காய்ச்சி, அண்ணனே தம்பி முதுகுல தேச்சாரு. தேச்சுக்கிட்டே அழுதாரு. மறுநா தம்பியக் கூட்டிக்கிட்டு உபதேசியார் வீட்டுக்கு நடந்தாரு. "இவன் என் வீட்டுல இருந்தா ஊரு எங்க ரெண்டு பேரையும் ஒதுக்கிப்போடும். எனக்குப் பிள்ளையும் இவந்தான், தம்பியும் இவந்தான். நீங்க பாத்துக்கிடுங்க"ன்னு ஒப்படைச்சிட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிட்டாராம்.

தவசி ஞானஸ்நானம் வாங்கினாரு. ஏசுவடியான்னு பேரு வச்சாக. ஞானப்பூன்னு ஒரு பொண்ணைக் கட்டினாரு. கொஞ்சங் கொஞ்சமா இந்த ஊருலயும் பல குடும்பம் வேதத்துல சேந்துது, இந்தக் கோயிலும் ஓலைக்கூரையா வந்துது, ஏசுவடியானும் பெண்சாதியோட ஊருக்குத் திரும்பிட்டாரு.

ஒருநா கோயில்ல அவரைச் சாட்சி சொல்லச் சொன்னாக. எழும்பி நின்னு, பேதி வந்ததச் சொன்னாரு, கஞ்சி குடிச்சதச் சொன்னாரு, ஜெபத்தச் சொன்னாரு. சனம் சும்மா கேட்டுக்கிட்டு இருந்துது. அண்ணன் அடிச்சதச் சொன்னதும் பொம்பளைகள்லாம் சேலைத் தலைப்பால கண்ணத் துடச்சாக. அவரு அதைப் பாத்துட்டாரு. அதுதான் வினையாப் போச்சு.

அடுத்த தடவை ஒரு அடி பல அடியாச்சு. அதுக்கு அடுத்த தடவை பட்டினி போட்டதாச்சு. அப்புறம் புளியமரத்துல கட்டிவச்சு அடிச்சதாச்சு. பக்கத்து ஊரு சபைக்கெல்லாம் அவரைக் கூப்பிட்டாக. "புதுக்கால் ஏசுவடியான் சாட்சி சொல்லுதாராம்"ன்னா வண்டி கட்டிக்கிட்டு வருவாகளாம். அடி வளந்துது. கஞ்சி சுருங்கிப்போச்சு. ஜெபம் ஒரு வரியாப் போச்சு. எண்ணெ தேச்சது மட்டும் ஒரு நாளும் வாயில வரல.

ஞானப்பூ கேட்டாகளாம், "என்னங்க, பெரியத்தான் எண்ணெ தேச்சதையும் சொல்லப்பிடாதா?"

"அதச் சொன்னா கேக்கவுகளுக்கு மனசு இளகிப்போகும்."

"இளகட்டுமே. அதுக்குத்தான சாட்சி?"

அவரு துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு அடுத்த ஊரு சபைக்குக் கிளம்பிட்டாராம்.

வருசம் ஓடிச்சு. சிவனணஞ்சானுக்குப் பெண்சாதி செத்துட்டா. பிள்ளை இல்ல. தனியாக் கொடிக்காவுல கிடந்தாரு. தம்பி எப்பவாவது போவாரு, நலம் விசாரிப்பாரு, வருவாரு. தம்பி வேதத்துல சேந்ததப்பத்தி ரெண்டு பேரும் பேசினதே கிடையாது. ஆனா அண்ணன் மனசுல ஒன்னு கிடந்து அரிச்சிருக்கு. என் வீட்ட விட்டுப் போயி இவனுக்கு அப்படி என்னதான் கிடைச்சுதுன்னு.

கோயில்ல அசனம் வந்துது. சனத்துக்கெல்லாம் சோறு போடுத நாளு. அன்னைக்கு மத்தியானம் சிவனணஞ்சான் வேட்டிய வெளுத்துக் கட்டிக்கிட்டு, ஒரு கூடை இளவெத்தலை பறிச்சுக்கிட்டு வந்தாராம். உள்ள வரக் கூச்சம். தெக்குச் சன்னலுக்கு வெளிய நின்னாரு. உள்ள தம்பி சாட்சி சொல்லிக்கிட்டு இருந்தாரு.

"என் சொந்த அண்ணன் என்னையப் புளியமரத்துல கட்டினான். ரத்தம் ஒழுக ஒழுக அடிச்சான். தண்ணி கேட்டேன், தரல."

சபையே அழுதுது. சன்னலோரம் இருந்த ஒரு பொம்பளை வெளிய பாத்தா. ஆளைத் தெரிஞ்சுக்கிட்டா. மடியில இருந்த பிள்ளைய அந்தப்பக்கமா இழுத்து மறைச்சுக்கிட்டா. அதை அவரு பாத்தாரு. கூடையைச் சன்னல் திண்டுல வச்சிட்டுப் போயிட்டாரு.

ஞானப்பூ அதைப் பாத்துட்டாக. ஆராதனை முடிஞ்சதும் கூடையைக் கொண்டுபோயிப் புருசன் முன்னால வச்சாக. "பெரியத்தான் வந்தாக. எல்லாத்தையும் கேட்டுட்டுப் போயிட்டாக"ன்னாக. அவரு சோத்துப் பந்திய விட்டுட்டு ஓடினாராம்.

அண்ணன் கொடிக்காவுல நின்னாரு. கொடிய அகத்திமரத்தோட சேத்துக் கோரையால கட்டிக்கிட்டு இருந்தாரு. தம்பி போயி நின்னாரு. அண்ணந்தான் கேட்டாரு.

"தவசி, நான் ஒன்னைய எந்த மரத்துல கட்டினேன்?"

கோவத்துல கேக்கலயாம். தெரிஞ்சுக்கிடக் கேட்டாராம்.

"எனக்கும் வயசாயிட்டு. மறந்துட்டேனோன்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன். நம்ம வீட்டுப் பக்கம் புளியமரமே இல்லியே. ஒரு அடி அடிச்சேன், அது நெனவு இருக்கு. எண்ணெ தேச்ச மாதிரியும் இருக்கு. அது நெசமா, நானா நெனச்சுக்கிட்டதா?"

"தேச்சிய அண்ணே. நெசந்தான்."

"அப்ப சரி."

கொஞ்ச நேரம் கொடியக் கட்டினாரு. அப்புறம் சொன்னாராம், "ஒன் சாமி ஒனக்கு என்ன செய்தாருன்னு கேக்கத்தான் வந்தேன் தம்பி. நீ என்னையப் பத்தியே சொல்லிக்கிட்டு இருந்தே."

தம்பி அவரு கால்ல விழுந்தாரு. "இப்பச் சொல்லுதேன் அண்ணே, கேளுங்க"ன்னாரு.

"இருக்கட்டும். இன்னொரு நா பாப்போம்."

அடுத்த வாரம் போனாரு. "பாப்போம் தம்பி." அதுக்கு அடுத்த வாரமும் போனாரு. மூஞ்சி கோணாமத் தண்ணி குடுப்பாராம், வெத்தலை குடுப்பாராம். அந்தப் பேச்ச எடுத்தா மட்டும், "பாப்போம்." ஐப்பசி மழையில சளி கட்டி ஒரே காய்ச்சல்ல அண்ணன் போயிச் சேந்துட்டாரு. தம்பி பக்கத்துலதான் இருந்தாரு. காதுல குனிஞ்சு சொன்னாராம். விழுந்துதோ விழலையோ, யாருக்குத் தெரியும்?

அதுக்கப்புறம் எத்தனையோ ஊருல கூப்பிட்டாக. போகல. தம்பி நம்ம கோயில்லயும் ரொம்ப நாள் சாட்சி சொல்லல. ஒரு ஞாயித்துக்கிழமை தானா எழும்பினாரு. சபை முன்னால வந்து நிக்கல. நேரா அந்தத் தெக்குச் சன்னலுக்குப் போனாரு. வெளிய பாத்து நின்னுக்கிட்டுச் சொன்னாரு.

"எனக்குப் பேதி கண்டுது. யாருன்னு தெரியாத ஒருத்தரு கஞ்சி குடுத்தாரு. ஜெபம் பண்ணுனாரு. நான் பிழைச்சேன். ஏசு என்னையத் தேடி வந்தாருன்னு நம்பினேன், இப்பவும் நம்புதேன். எங்க அண்ணன் ஒரு அடி அடிச்சாரு. அன்னைக்கே எண்ணெ தேச்சு அழுதாரு. என்னையக் கொண்டுபோயி உபதேசியார் வீட்டுல விட்டதும் அவருதான். அவரு கேக்க வந்த அன்னைக்கு நான் பொய் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

அம்புட்டுத்தான். யாரும் அழலயாம். திரும்பி வந்து உக்காந்துட்டாரு. சாகுத வரைக்கும் அவரு சொன்ன சாட்சி அது ஒன்னுதான். எப்பச் சொன்னாலும் அங்கன நின்னுதான் சொன்னாராம்.

அன்னையிலிருந்து புதுக்கால்ல சாட்சி சொல்லுதவுக தெக்குச் சன்னல்லதான் நிப்பாக, வெளிய பாத்துத்தான் சொல்லுவாக. கூரை போயி ஓடு வந்துது, ஓடு போயி கான்கிரீட்டு வந்துது. கொத்தனார் அந்தச் சன்னலுக்குக் கதவு வைக்கணும்னாரு. வேண்டாம்னுட்டோம். மழை பெஞ்சா உள்ள தெறிக்கத்தான் செய்யும், துடச்சுக்கிடுவோம். அண்ணன் சன்னல்னுதான் அதுக்குப் பேரு. அங்கன நின்னு பாத்தா வெறும் ரோடுதான் தெரியும். பாதி நாள் வெளிய யாரும் நிக்க மாட்டாக. ஆனாலும் கேக்க யாரோ நிக்காகன்னு நெனச்சுத்தான் பேசுதோம்.