மீன்சாற்றுச் சாடியின் மேல் இருந்த தலை

மீன்சாற்றின் வாடை சலவைக்கல்லில் ஏறிவிட்டால் லேசில் போகாது. சாம்பல் நீரில் ஊறவைத்துப் பார்த்தேன். வெயிலில் காயவைத்துப் பார்த்தேன். காடி ஊற்றித் தேய்க்கச் சொன்னார்கள் சிலர். காடி கல்லையே தின்றுவிடும் என்பது தெரியாதவர்கள் எல்லாம் யோசனை சொல்ல வந்துவிடுகிறார்கள். உங்கள் மேசை மேல் இருக்கும் அந்தத் தலையைப் பார்த்து நீங்கள் மூக்கைச் சுளிப்பதால் சொல்கிறேன். ஜன்னலை வேண்டுமானால் திறக்கச் சொல்லுங்கள்.

என் பெயர் நுமிசியஸ். தைபர் ஆற்றின் கரையில், கல் இறக்கும் துறைக்குப் பின்னால் என் பட்டறை. நாங்கள் உடம்பை முதலிலேயே செதுக்கி நிறுத்திவிடுவோம். தோகா என்ற நீள மேலாடை போர்த்திய உடம்பு எல்லாக் கனவான்களுக்கும் ஒன்றுதான், மடிப்பு கூட மாறாது. தோள்களுக்கு நடுவே ஒரு குழி விட்டிருப்போம். ஆள் வந்து முகம் காட்டினால் தலையை மட்டும் தனியாகச் செதுக்கி, கழுத்தின் அடியைக் கூம்பாக்கி, குழிக்குள் இறக்கி ஈயம் ஊற்றிவிட்டால் வேலை முடிந்தது. ஆட்சி மாறினாலும் தலையை மாற்றினால் போதும். தலைகள் கலந்துவிடக் கூடாது என்று கழுத்தின் கூம்பில் அவரவர் பெயரை வெட்டிவைப்பது எங்கள் வழக்கம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் உள்ளதை உள்ளபடி செதுக்குகிறவன். சுருக்கம் இருந்தால் சுருக்கம், மரு இருந்தால் மரு. நம் முன்னோர் அப்படித்தான் முகம் காட்டினார்கள். இப்போது வருகிறவர்களுக்குக் கிரேக்கக் கடவுளின் மூக்கும் பெண்பிள்ளையின் உதடும் வேண்டும். கேட்டால் அழகு என்பார்கள்.

லூரியஸ் எண்ணெய் வியாபாரி. கப்பலும் காசும் உள்ள மனிதர், பொறுமைதான் கிடையாது. முகம் காட்ட வந்து உட்கார்ந்தவர் கொஞ்ச நேரத்திலேயே எழுந்துவிட்டார். மறுபடி வந்தபோதும் அப்படியே. அப்புறம் வரவே இல்லை, ஆள் அனுப்பி அவசரப்படுத்தினார். மீதியை நான் தனியாக, மனத்திலிருந்து செதுக்கினேன். என் பட்டறை இருட்டு. வெளிச்சத்தைத் திருப்ப எதிரே ஒரு பெரிய வெண்கலக் கண்ணாடி மாட்டியிருக்கிறேன். அதன் முன்னால் நின்று பல நாள் உழைத்தேன். என் கையிலிருந்து வந்தவற்றில் அதுதான் மிகச் சிறந்தது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை.

தலையை அவர் வீட்டு விருந்தில் திறந்து காட்டச் சொன்னார். துணியை எடுத்தேன். எல்லோரும் கல்லைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், மறுபடியும் கல்லைப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது லூரியஸின் மனைவி அஃப்ரானியா. அவர் சிரித்ததும் மற்றவர்களுக்கும் தைரியம் வந்துவிட்டது. ஒருவர் வாயிலிருந்த திராட்சைரசத்தை மெத்தை மேலேயே துப்பிவிட்டார்.

"ஏங்க, இது யாருன்னு உங்களுக்கு இன்னுமா தெரியல?" என்றார் அஃப்ரானியா கணவரிடம், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

லூரியஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யோவ், உனக்குக் காசு குடுத்தது என் மூஞ்சிக்குய்யா. உடம்பு இருக்கட்டும், அது நல்லாத்தான் இருக்கு. இத எடுத்துட்டுப் போயி உங்க அம்மாகிட்ட காட்டு, சந்தோஷப்படுவாங்க."

மறுபடியும் சிரிப்பு. என்ன சிரிப்பு என்று எனக்கு விளங்கவில்லை. உண்மையைத் தாங்க முடியாதவர்கள் சிரிப்பார்கள் என்று எடுத்துக்கொண்டேன். தலையை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். அந்த உடம்பின் மேல் வேறொருவன் செய்த வழுவழுப்பான தலை ஒன்று ஏறியது. என்னுடையது சமையல்கட்டுக்குப் போனது. மீன்சாறு புளிக்கிற பெரிய சாடியின் மூடி எழும்பாமல் இருக்க ஒரு பாரம் வேண்டுமாம்.

இதெல்லாம் எனக்குக் கோபத்தைத் தந்தது என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. கோபக்காரன் அன்றைக்கே ஏதாவது செய்திருப்பான். நான் அடுத்த ஆண்டு லூரியஸ் கூப்பிட்டு அனுப்பும்வரை காத்திருந்தேன்.

அவர் வீட்டு முன்கூடத்தில் காலஞ்சென்ற பேரரசரின் சிலை ஒன்று உண்டு. தெய்வமாகிவிட்டவர் அல்லவா, அவர் பிறந்த நாளுக்கு அதற்குத் தூபம் காட்டுவார்கள். அந்தச் சிலையின் கழுத்தில் ஈயம் விட்டுப்போய்த் தலை ஆடுகிறதாம். "உன் பட்டறை உடம்புதானே, நீயே வந்து சரி பண்ணு" என்று சொல்லி அனுப்பியிருந்தார். பட்டப்பகலில் போனேன். வீட்டில் எல்லோரும் தேரோட்டப் பந்தயம் பார்க்கப் போயிருந்தார்கள். சமையல்காரி கிரெஸ்தே மட்டும் இருந்தாள். சிரியாக்காரி, அடிமை, நல்ல மனசு.

"வாங்கண்ணே, சாப்ட்டுட்டு வேலையப் பாருங்க," என்று ரொட்டியும் ஆலிவும் வைத்தாள். சாடியின் மேலிருந்த தலையை நான் பார்ப்பதைக் கண்டு அவளுக்கே கூச்சமாகப் போய்விட்டது. "நான் ஒண்ணும் வைக்கலண்ணே, அய்யா சொன்னது. எனக்கு அது மேல கை வைக்கவே ஒரு மாதிரி இருக்கும். உங்கள மாதிரியே முறைச்சுப் பாக்குது. அதான் துணி போட்டு மூடி வச்சிருக்கேன்."

ரொட்டி நன்றாக இருந்தது. அவள் தண்ணீர் எடுக்கக் குழாயடிக்குப் போனாள். பேரரசரின் தலையைக் கழற்றினேன், அது தானாகவே வந்துவிடும் நிலையில்தான் இருந்தது. அதைச் சாடியின் மேல் வைத்துத் துணியை முன்பு இருந்ததுபோலவே போர்த்தினேன். சாடி மேலிருந்ததைத் துடைத்துக் கொண்டுவந்து பேரரசரின் தோள்களுக்கு நடுவே இறக்கினேன். குழி அச்சாகப் பொருந்தியது. என் பட்டறையில் எல்லாக் குழியும் ஒரே அளவு. சிலை முழுவதையும் ஈரத்துணியால் சுற்றி, விழாவன்றுதான் திறக்க வேண்டும், அதுவரை பூச்சு காய வேண்டும் என்று கிரெஸ்தேயிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

பேரரசரின் தலையைக் கழற்றி அங்கே தன் தலையை வைத்துக்கொள்வது என்ன குற்றம் என்பது ரோமில் குழந்தைக்கும் தெரியும். அவர் தலையை மீன்சாற்றுக்குப் பாரமாக வைப்பதற்கு இன்னும் பெயரே வைக்கவில்லை. அடுத்த நாள் காவற்படைத் தலைவரிடம் போய், லூரியஸ் வீட்டில் பழுதுபார்க்கப் போனபோது கண்ணால் கண்டதைச் சொன்னேன். பார்த்தவன் சொல்ல வேண்டியது கடமை.

காவற்படையினர் அந்த வீட்டுக்குப் போனபோது நானும் சாட்சியாகக் கூடத்தில் நின்றேன். துணியை உருவினார்கள். படைத்தலைவர் முகத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி, கூம்பில் வெட்டியிருந்த பெயரை வாய்விட்டுப் படித்தார். லூரியஸ்.

"அய்யா, அது நான் இல்லீங்க!" லூரியஸ் கத்தினார். "மூஞ்சியப் பாருங்க! அதுல எங்கயாவது நான் இருக்கேனா?"

"பேரு இருக்கே," என்றார் படைத்தலைவர்.

அதற்குள் சமையல்கட்டிலிருந்து இன்னொரு தலையைக் கொண்டுவந்துவிட்டார்கள். பேரரசரின் தாடையில் மீன்சாறு வழிந்து காய்ந்திருந்தது. லூரியஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்போது அவர் முகம் நான் செதுக்கியது போலவே இருந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் பொய் சொல்ல மாட்டேன், கொஞ்சம் வேறுபட்டுத்தான் இருந்தது. பயந்தவன் முகத்தை நம்ப முடியாது.

அவர் தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. குளிக்கிற அறையில் மணிக்கட்டை அறுத்துக்கொண்டார். அப்படிச் செய்தால் சொத்தில் ஏதாவது பிள்ளைகளுக்கு மிஞ்சும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மிஞ்சவில்லை. அஃப்ரானியாவை ஒரு தீவுக்கு நாடுகடத்தினார்கள்.

கிரெஸ்தேயைக் கேட்கிறீர்கள். ராஜத்துரோக வழக்கில் அடிமையின் வாக்குமூலம் வதைத்து வாங்கினால்தான் செல்லும். சட்டத்தை நான் எழுதவில்லை. சிற்பி வந்திருந்தார், சிற்பி வந்திருந்தார் என்று கடைசிவரை சொல்லியிருக்கிறாள். அது அவர்களுக்கு முன்பே தெரியும், நான்தானே சொன்னவன். ஆகவே வேறு எதையோ மறைக்கிறாள் என்று நினைத்துத் தொடர்ந்திருக்கிறார்கள். தாங்கவில்லை, செத்துப்போய்விட்டாள். வருத்தம்தான். அவள் குழாயடியில் இன்னும் கொஞ்சம் சீக்கிரமாக வேலையை முடித்துத் திரும்பியிருந்தால் இவ்வளவு நடந்திருக்காது.

துப்புச் சொன்னவனுக்குப் பறிமுதலான சொத்தில் பங்கு உண்டு. அதை நான் தொடவில்லை, இந்தக் கல்லை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். பேராசைக்காரன் இப்படிச் செய்வானா, நீங்களே சொல்லுங்கள்.

இப்போது புதிய பேரரசர் வந்திருக்கிறார், துப்புச் சொன்னவர்களைத் தேடிப் பிடிக்கிறார்கள். அஃப்ரானியாவும் தீவிலிருந்து திரும்பி வந்து உங்கள் நீதிமன்றத்தில் மனுக் கொடுத்திருக்கிறார். 'அந்தக் கல்லையும் அவனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், போதும்' என்று எழுதியிருக்கிறாராம். எதற்கு அப்படி எழுதினார் என்று எனக்குப் பிடிபடவில்லை. கேட்டிருந்தால் நானே எல்லாவற்றையும் சொல்லியிருப்பேனே, இதோ சொல்லிவிட்டேன்.

உங்கள் எழுத்தர் எழுதுவதை நிறுத்திவிட்டார். கல்லைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், மறுபடியும் கல்லைப் பார்க்கிறார். விருந்திலும் இப்படித்தான் பார்த்தார்கள். "அய்யா, இது இவரு மூஞ்சியேதான். அந்தக் காத பாருங்க, அந்த மேலுதட்ட பாருங்க," என்று உங்கள் காதில் சொல்கிறார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. முகம் பார்க்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் குறைவு. அவரை எழுதச் சொல்லுங்கள். தலையை மாற்றியது நான். லூரியஸைக் கொன்றது நான், அந்தச் சமையல்காரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கல்லுக்கு நேரே மட்டும் லூரியஸ் என்றே எழுத வேண்டும், வாழ்நாளில் நான் ஒரு முகத்தையும் தப்பாகச் செதுக்கியதில்லை.