குட்டைக்கு ஏத்த மெஷின்

— அந்த ஸ்பின்னிங் தூண்டில் மெஷின உள்ள வைங்க, தினேஸ் அக்கா. எனக்கு பிசி மெஷின்தான் வேணும்.

— தர்மா, இப்பத்தானே சொன்ன, புது ஆளுக்குன்னு. புது ஆளு கையில பிசியக் கொடுத்தா மொத வீச்சுலயே நூல் பூரா சிக்கிக் குருவிக்கூடு ஆயிடும்லா. உன் குருவிக்கூட்ட ஒரு வருசம் உக்காந்து பிரிச்சவ நான். மறந்துட்டியா?

— மறக்கல. ஆனா இவரு பரவால்லக்கா. மூணு மாசமா என் மெஷின்ல பழக்கிட்டேன். சிக்காம வீசறாரு.

— யாருலா அது?

— வேலையிடத்துக் கூட்டாளி.

— சரி, எந்தத் தண்ணி? அதச் சொன்னாத்தான் எந்த மெஷின்னு சொல்ல முடியும். எங்க மொதலாளி தவுக்கே இருந்தா வெல கூடுனத எடுத்து உன் தலையில கட்டியிருப்பாரு.

— அதான் சுங்கை சிப்புட்லேர்ந்து ஈப்போ வரைக்கும் உங்ககிட்ட வாரேன். தோமான் மீனுக்குத்தான். தண்ணிக்குள்ள அடிக்கட்டை நெறைய. ரெண்டு கட்டைக்கு நடுவுல ரப்பர் தவளைய குறி பாத்துப் போடணும். கவ்வுனா ஒரே இழுப்புல வெளிய வரணும். விட்டா நூல கட்டையில சுத்திடும்.

— அப்படின்னா பிசிதான். குறிக்கும் அதுதான், இழுக்கறதுக்கும் அதுதான். படகுலேர்ந்தா, கரையிலேர்ந்தா?

— கரை. தூக்கி வீச முடியாது. செம்பன மட்டை தலைக்கு மேல தொங்குது. கையத் தாழ்த்தித்தான் வீசணும்.

— எந்த எடம் தர்மா?

— தெமெங்கோர்.

— தெமெங்கோர் ஏரியில உன் தலைக்கு மேல செம்பன எங்கலா தொங்குது?

— அதுக்கு இந்தப் பக்கம் ஒரு எடம்க்கா.

— கட்டையெல்லாம் எப்படி நிக்குது? செதறியா, நெரை நெரையாவா?

— எதுக்குக் கேக்கறீங்க?

— நெரையாத்தான் நிக்கும். மனுசன் நட்ட மரம் அப்படித்தான் நிக்கும். பழைய ஈயச்சொரங்க லொம்போங் கரை ஒடஞ்சு ரப்பர் காட்டுக்குள்ள தண்ணி பூந்த எடம். நீ மெஷின் கேக்கறது மூணாம் நம்பர் காட்டுக் குட்டைக்கு.

— மெதுவாக்கா. கடையில ஆளு இருக்கு.

— ஒருத்தரும் இல்ல. தவுக்கே சாப்பிடப் போயிட்டாரு. அந்தக் குட்டைய அட்டைக்கடி வாங்கி, கால் வீங்கி, நான் கண்டுபிடிச்சேன். உனக்கு மட்டும்தான் காட்டினேன். அங்க மேட்டுல இருக்கற முனியாண்டிக்குச் சுருட்டு வச்சு, மூணாவது ஆளுக்கு வழி சொல்லமாட்டோம்னு சொன்னது யாரு?

— நான்தான்.

— நான் சொல்லச் சொல்லலியே. நீயாச் சொன்ன.

— நீங்கதான் வாரதில்லையேக்கா. ஒரு வருசமாச்சு.

— ஆசைப்பட்டா நின்னேன்? மக பெரியவளாயிட்டா, இனிமே அம்மாக்காரி தூண்டிலத் தூக்கிட்டு காட்டுல நிக்கிறது நல்லால்லன்னு வீட்டுக்காரரு சொல்லிட்டாரு. அவரும் ஞாயித்துக்கிழமையானா ஏர்கோன் வேலைன்னு பாகான் செராய்க்குப் போயிடறாரு. நான் துணி மடிச்சிக்கிட்டே நெனச்சுக்குவேன், இன்னேரம் தர்மா எந்தக் கட்டைக்கு நேரா நிப்பான்னு. மனசுக்குள்ள உன் பக்கத்துலதான் நின்னு வீசுவேன்.

— அப்படிச் சொல்லாதீங்கக்கா.

— வேற எப்படிச் சொல்ல? நான் நின்ன எடத்துல நீ இன்னொருத்தன நிறுத்தியிருக்க. ஒரு வார்த்த கேட்டிருந்தா, வேணாம்னு சொல்றதுக்காவது எனக்கு வாய்ப்பு இருந்திருக்கும்.

— மொதல்ல முடியாதுன்னுதான் சொன்னேன். நீங்க தண்ணியப் பத்திப் பேசறப்ப எல்லாம் அவரும் கேட்டிருக்காரு. பாதி வழி தெரிஞ்சுதான் என்கிட்ட வந்தாரு. மறுக்க முடியாத ஆளுக்கா.

— குஞ்சு மேய்க்கிற தாய் மீனப் பிடிக்காம விடறானா?

— போன வாரம் ஒண்ண எடுத்துட்டாரு. எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். குஞ்செல்லாம் செவப்பா, கொத்தா, மேலயே சுத்திக்கிட்டு இருந்துச்சு. என்னால பாக்க முடியல.

— பாத்துக்கிட்டுத்தானே நின்ன?

— ஆமா.

— ஈப்போவுல கடைக்கா பஞ்சம்? வேற எங்கயாச்சும் வாங்கியிருக்கலாமே.

— அவரும் அதத்தான் சொன்னாரு. எந்தக் கடைக்கு வேணா போ, அந்தக் கடைக்குப் போகாதேன்னாரு.

— என்னத் தெரியுமா அவனுக்கு?

— மெஷின எடுங்கக்கா. நல்லதா எடுங்க. இத இன்னொரு ஞாயித்துக்கிழமை மறைச்சு வச்சுக்க எனக்குத் தெம்பில்ல.

— எடுக்கறேன். கோவத்துல தப்பான மெஷினக் கொடுக்கற ஆளு நான் இல்ல. இது தாங்கும், எப்பேர்ப்பட்ட தோமானையும் கட்டைக்குள்ளேர்ந்து உருவிடும். ஒண்ணுதான் கேக்கணும். ஸ்பின்னிங்னா கைப்பிடிய எந்தப் பக்கம் வேணா மாத்திக்கலாம், பிசில முடியாது. வாங்கறப்பவே சரியா வாங்கணும். உன் கூட்டாளி வலக்கை ஆளா, இடக்கை ஆளா?

— நான் சொல்லணுமாக்கா? பதினாலு வருசமா அவரு கோப்பி கப்போட காத இடக்கைப் பக்கமாத் திருப்பி வைக்கிறது நீங்கதானே.