மலைக்கெல்லாம் ஒரே எண்

அய்யனார் துணை.

இந்த ஸ்டேஷனில் டீ நன்றாக இருக்கிறது. இஞ்சியைத் தட்டிப் போட்டு, சர்க்கரையைக் கம்மியாக வைத்திருக்கிறார்கள். நடந்ததை என் கைப்படவே எழுதித் தரச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. எழுதுகிறேன். தாளின் தலையில் சாமி பெயரைப் போட்டதற்கு உங்கள் ஏட்டு சிரித்தார். எனக்கு அது பழக்கம். பில் எழுதினாலும் போடுவேன், என் கல்யாணப் பத்திரிகையிலும் போட்டேன். வழக்கு இந்தப் பழக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது என்பதால் அதை அடிக்காமல் விட்டுவிடுங்கள்.

என் பெயர் காசிநாதன். கச்சிராயபாளையம் சாலையில் கேமரா, இன்டர்நெட் கடை வைத்திருக்கிறேன். கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும் நகைக்கடை, ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம் என்று எங்கே அண்ணாந்து பார்த்தாலும் நான் மாட்டிய கேமராதான் உங்களைப் பார்க்கும். கேமராவோடு ஒரு பதிவுப் பெட்டி வரும். அந்தப் பெட்டி இன்டர்நெட்டில் இருக்கும், அதற்கு ஒரு பாஸ்வேர்டு வைக்க வேண்டும். வாடிக்கையாளரை வைக்கச் சொன்னால் மறந்துவிட்டு ராத்திரி போன் செய்வார். ஆகவே எல்லாப் பெட்டிக்கும் நானே ஒரே பாஸ்வேர்டு வைத்தேன். ஆங்கில எழுத்தில் அய்யனார்துணை. பெட்டியின் மேல் அதே வாசகத்தை ஸ்டிக்கராகவும் ஒட்டினேன். சாமி பெயரில் இருக்கிற பூட்டை எவன் உடைக்கப் போகிறான் என்று நினைத்தேன். வெளிநாட்டுக்காரனுக்கு நம் சாமியிடம் பயமில்லை என்பது அப்போது தோன்றவில்லை.

சின்னசேலத்தில் செல்லமுத்து அண்ணன் மக்காச்சோள மண்டி வைத்திருக்கிறார். வியாபாரிகள் சங்கத் தலைவரும் அவர்தான். ஒருநாள் அவர் மண்டிக் கணினி முடங்கிவிட்டது. போய்ப் பார்த்தேன். எங்கிருந்தெல்லாமோ யாரோ இன்டர்நெட் வழியாக உள்ளே புக அதன் கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். தட்டியவன் பெயர் தெரியாது, முகம் தெரியாது. அவன் வந்த இன்டர்நெட் முகவரி மட்டும், அதாவது ஐ.பி. எண் மட்டும், பதிவாகியிருக்கும். அப்படிப்பட்ட எண்களைப் புகார் செய்யவே ஒரு இணையதளம் இருக்கிறது. உலகம் முழுக்க ஆட்கள் புகார் செய்கிறார்கள். பல பேர் ஒரு எண்ணைக் குற்றம் சொன்னால் அது கறுப்புப் பட்டியலில் சேரும். அப்புறம் பெரிய பெரிய தளங்கள் அந்த எண்ணுக்குக் கதவைத் திறப்பதில்லை. புகார் செய்தவருக்கோ புள்ளிகள் கிடைக்கும், பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேடயம் ஒளிரும்.

எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன் புகார் செய்வேன். பிரேசிலில் ஒருவன், வியட்நாமில் ஒருவன் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே தண்டித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் சொன்னால் மதிப்பில்லை என்பதால் என் வாடிக்கையாளர்கள் எல்லோருடைய பெயரிலும் கணக்குத் தொடங்கினேன். நான் ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாக் கடைகளும் சேர்ந்து புகார் செய்யும். கடைக்காரர்களுக்கு இது தெரியாது. நல்ல காரியத்துக்கு எதற்குத் தனித்தனியாக அனுமதி?

வியாபாரிகள் சங்கத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தி 'இணையக் காவலர்' என்று பட்டம் கொடுத்தார்கள். பேனரில் என் படம் செல்லமுத்து அண்ணன் படத்தைவிடச் சற்றுதான் சிறியது. அன்று என் மனைவி அழுதாள். நானும் சந்தோஷப்பட்டேன், அதை மறைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த எண் வந்தது. மண்டியைத் தட்டியவர்களின் பட்டியலில் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால் இருக்கிற நெல்லிக்காட்டின் எண் அது. அந்த ஊரில் செல்போன் எடுக்காது. ஒரே ஒரு டிஷ் வைத்து, பஞ்சாயத்துக்காக நான்தான் இணைப்புக் கொடுத்திருந்தேன். ரேஷன் கடை, பள்ளிக்கூடம், துணை சுகாதார நிலையம், வீடுகள் எல்லாம் அந்த ஒரு இணைப்பில்தான். வெளியிலிருந்து பார்த்தால் மலைக்கெல்லாம் ஒரே எண். ஒருவன் செய்தாலும் ஊரே செய்தது மாதிரி தெரியும்.

மலையேறிப் போய்ச் சோதித்தேன். சுகாதார நிலையத்தில் நான் மாட்டிய பெட்டிக்குள் யாரோ புகுந்து, அங்கிருந்துகொண்டு செல்லமுத்து அண்ணன் மண்டியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பாஸ்வேர்டை மாற்றினால் தீர்ந்தது. இந்த டீ ஆறுகிற நேரம்கூட ஆகாது. ஆனால் மாற்றினால் ஏன் மாற்றினாய் என்று கேட்பார்கள். அந்தப் பெட்டியில் என்றால் என் பெட்டியில் என்ன என்று ஊரே கேட்கும். இணையக் காவலரின் பூட்டுதான் இளித்தது என்று பேசுவார்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தினமும் தட்டுகிற எண் என்றால் எனக்குத் தினமும் புள்ளிகள். கறக்கிற மாட்டை யாராவது அவிழ்த்துவிடுவார்களா?

பெட்டியை மூடிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து நெல்லிக்காட்டின் எண்ணைத் தினமும் புகார் செய்தேன், எல்லாக் கடைகளின் பெயரிலும். கீழே ஊருக்குள் என் பெட்டிகள் இருந்த வேறு சில எண்களும் பட்டியலில் வந்தன. அவற்றை நான் தொடவில்லை. அவர்கள் வாடிக்கையாளர்கள். மலையில் இருப்பவர்கள் என்னிடம் புதிதாக எதுவும் வாங்கப் போவதில்லை.

கொஞ்ச நாளில் மலையிலிருந்து கிராம சுகாதார செவிலியர் செந்தமிழ்ச்செல்வி இறங்கி வந்தார்.

"சார், டாக்டரு முகமே தெரிய மாட்டேங்குதுங்க. வீடியோல போனா அனுமதி இல்லைன்னு வருது. சாலம்மாளுக்கு ஒம்பதாவது மாசம், பிரஷரு ஜாஸ்தியா இருக்குது. டாக்டரு தெனம் பாக்கணும்னு சொல்லிக்கினு இருந்தாரு. இன்னான்னு கொஞ்சம் பாருங்க."

பார்க்கிறேன் என்றேன். சாலம்மாளை எனக்குத் தெரியாது. தெரியாத ஒருவரின் ரத்த அழுத்தத்துக்காக ஒரு முறையான நடவடிக்கையை நிறுத்த முடியுமா என்று யோசித்தேன். முடியாது என்று தோன்றியது. ஆனாலும் அந்த அம்மாவுக்கு என் செலவில் ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினேன்.

அடுத்து வந்தவன் அஜித். சாலம்மாளின் புருஷன். பாலிடெக்னிக் படித்தவன், வடக்கனந்தலில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்தான். லேப்டாப்பைத் திறந்து என் மேஜைமேல் வைத்தான்.

"அண்ணே, எங்க ஆளுங்க யாரும் இத்த பண்ணலீங்க. நீங்க மாட்டின பெட்டிதான் பண்ணிக்கினு இருக்குது. பாஸ்வேர்டை மாத்திடுங்க, புகாரையும் வாபஸ் வாங்கிடுங்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். எம் பொண்டாட்டிக்கு நாள் கிட்ட வந்துகினு இருக்குதுங்க."

கோபமே இல்லாமல்தான் பேசினான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கத்தியிருந்தால் நாலு பேர் முன்னால் திருப்பிக் கத்தியிருப்பேன், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். மெதுவாகப் பேசுகிறவன் சொல்வதை ஜனங்கள் நம்புவார்கள்.

"தம்பி, நீ போ. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

பார்த்துக்கொண்டேன். செல்லமுத்து அண்ணனிடம் சொன்னேன்: அந்த எண் நெல்லிக்காட்டு எண், அந்த ஊரில் லேப்டாப் வைத்திருப்பவன் ஒருவன்தான், என் பெட்டியைப் பற்றி எனக்கே தெரியாத விஷயமெல்லாம் அவனுக்குத் தெரிகிறது. மூன்றில் முதல் இரண்டும் உண்மை. சங்கம் புகார் கொடுத்தது. அப்போது இந்த நாற்காலியில் நீங்கள் இல்லை. உங்களுக்கு முன்பிருந்தவர் நான் பட்டம் வாங்கிய படத்தைச் சங்கத்துச் சுவரில் பார்த்தவர், என் வார்த்தையே போதும் என்றார். அஜித்தை விசாரணைக்கு அழைத்துக்கொண்டு போனார்கள்.

அவன் உள்ளே இருந்தபோதுதான் சாலம்மாளுக்கு வலி கண்டிருக்கிறது. வலியோடு ஜன்னியும் கண்டதாம். செந்தமிழ்ச்செல்வி டாக்டரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். அனுமதி இல்லை என்றே திரை சொல்லியிருக்கிறது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு, போன் எடுக்கிற கொண்டை ஊசி வளைவுவரை இறங்கியிருக்கிறார்கள். அங்கிருந்துதான் வண்டியைக் கூப்பிட முடிந்தது. சாலம்மாள் பிழைத்துக்கொண்டாள். குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தை என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

செய்தி கேட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோயிலுக்குப் போய் ஒரு மண் குதிரைக்கு வேண்டிக்கொண்டு வந்தேன். மறுநாள் காலையில் வழக்கம்போலப் புகார் செய்தேன். ஒருநாள் விட்டாலும் புள்ளி வரிசையில் பின்தங்கிவிடுவோம்.

நான் மாட்டிக்கொண்டது எப்படி என்று நீங்கள் சொன்னதையும் எழுதுகிறேன். அஜித் வெளியே வந்ததும் செவிலியரிடம் பெட்டியைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். அந்த அம்மா ஸ்டிக்கரைப் பார்த்து அதிலிருந்ததையே தட்டியிருக்கிறார். முதல் தட்டிலேயே திறந்துவிட்டது. உள்ளே நான் மலையேறிப் போன நாளின் பதிவு இருந்திருக்கிறது. நாற்காலிமேல் ஏறிப் பெட்டியைச் சோதித்துவிட்டு, "அட, நம்ம பெட்டிதான்" என்று நான் வாய்விட்டுச் சொல்வது கேட்கிறதாம். அந்தக் கேமராவில் சத்தமும் பதிவாகும். நல்ல மாடல், நான்தான் சிபாரிசு செய்தேன்.

வேலியே பயிரை மேய்ந்த கதை என்றீர்கள். அதைக் கேட்க வருத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் நீங்கள் கேட்டபடியே எழுதுகிறேன். பெட்டி நான் மாட்டியது. பாஸ்வேர்டு நான் வைத்தது. ஆள் புகுந்திருப்பது தெரிந்தும் விட்டேன். குற்றமில்லாத ஊரைத் தெரிந்தே புகார் செய்தேன், குற்றமில்லாத பையனைத் தெரிந்தே காட்டிக்கொடுத்தேன். டாக்டர் முகம் தெரிந்திருந்தால் அந்தக் குழந்தை இருந்திருக்கும். இதில் எதையும் நான் மறுக்கவில்லை.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். செந்தமிழ்ச்செல்வி என் அனுமதியில்லாமல் அந்தப் பெட்டிக்குள் நுழைந்திருக்கிறார். நோக்கம் எதுவாக இருந்தாலும் நுழைந்தது நுழைந்ததுதான். போன வாரம்தான் நெல்லிக்காட்டின் எண்ணைக் கறுப்புப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள் என்றும், டாக்டர் முகம் மறுபடி தெரிகிறது என்றும், மலையில் இன்னும் சில பெண்கள் மாசமாக இருக்கிறார்கள் என்றும் சொன்னீர்கள். எல்லாருக்கும் நல்லபடியாகப் பிறக்கட்டும். ஆனால் சட்டம் எல்லோருக்கும் பொது. நீங்கள் என் போனை வாங்கி வைப்பதற்கு முன், ஜீப்பில் வரும்போதே, அந்த எண்ணைப் புகார் செய்துவிட்டேன். எல்லாக் கடைகளின் பெயரிலும்.